வேர்வையில் கலையும் ஹேர் ஃபைபர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முடி மெலிந்த இடத்தை மறைக்க ஹேர் ஃபைபர், பவுடர், க்ரீம் என்று ஏதோ ஒன்றைப் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆபீஸிலும் கல்யாண வீட்டிலும் இவை நன்றாகவே நிற்கின்றன. தொல்லை வருவதெல்லாம் ஜிம்மிலும் ஷட்டில் கோர்ட்டிலும்தான். அதற்குப் பயந்து உடற்பயிற்சியையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. வேர்வையில் இவை கெட்டுப்போவதற்குக் காரணங்கள் சிலதான், பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம்.

உங்கள் தலையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினைக்கு விடை அங்கேயே இருக்கிறது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

டப்பாவைக் குலுக்கித் தூவுகிற மெல்லிய கறுப்புத் தூள்தான் ஹேர் ஃபைபர். டாப்பிக் போன்ற பிராண்டுகள் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கபோகி என்ற பிராண்ட், செடியிலிருந்து எடுக்கும் நாரால் ஆனது. எதுவாக இருந்தாலும் இவை ஒட்டுவது தோலில் இல்லை, முடியில். நிலைமின்சாரத்தால் ஒவ்வொரு முடியிலும் தொற்றிக்கொண்டு அதைத் தடிமனாகக் காட்டுகின்றன. அதனால் பிடித்துக்கொள்ள முடி இருக்கும் இடத்தில்தான் இவை நிற்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த மின்னூட்டம் குறைந்துவிடும். கடலோர ஊர்களில், குறிப்பாக ஏசி இல்லாத ஜிம்களில், இவை சீக்கிரம் தளர்ந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு வகை, டெர்ம்மேட்ச் போல வட்டமாக அழுத்தி வைத்த கெட்டிப் பவுடர். ஸ்பாஞ்ச் நுனியால் தொட்டு மண்டைத் தோலில் தேய்ப்பது. க்ரீம், லோஷன் வகைகளும் இதே இனம்தான். இவை முடியைத் தடிமனாக்காது. தோலின் வெளுப்பை மறைத்து, முடிக்கும் தோலுக்கும் உள்ள நிற வித்தியாசத்தைக் குறைக்கும். தோலோடு ஒட்டியிருப்பதால் வேர்வையை இவை ஃபைபரை விட நன்றாகத் தாங்கும்.

என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸுக்கும் விசேஷங்களுக்கும் ஃபைபர், வேர்க்க வேர்க்கச் செய்யும் பயிற்சிக்குப் பவுடர். ஒரே டப்பாவை இரண்டுக்கும் பயன்படுத்துவதிலிருந்துதான் கீழே உள்ள தொல்லைகளில் பாதி வருகிறது. நடைப்பயிற்சி, லேசான யோகா, ஏசி ஹாலில் அரை மணி நேர வெயிட்ஸ் என்றால் ஃபைபரே போதும். ஓட்டம், ஸ்பின்னிங், ஜூம்பா, ஷட்டில் என்றால் பவுடருக்கு மாறிவிடுங்கள்.

நெற்றியில் கறுப்பாகக் கோடு வழிகிறது

எல்லோரும் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஃபைபர் தண்ணீரில் கரையும் பொருள் இல்லை. அப்படியானால் வழிவது, எதிலும் ஒட்டாமல் மேலாகக் கிடந்த உபரித் தூள். முன்நெற்றியில் முடி குறைவு. அங்கே நாலு முடிக்கு இருபது முடிக்கான தூளைத் தூவினால் மிச்சமெல்லாம் தோல் மேலேயே உட்கார்ந்திருக்கும். நெற்றியோ உடம்பில் வேர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று. முதல் துளி உருளும்போதே அந்தத் தூளை அள்ளிக்கொண்டு இறங்கிவிடும்.

சரிசெய்ய முதல் வேலை, முன் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஃபைபரே போடாமல் விடுவது. அந்த இடம் தெரிகிறதே என்றால் அங்கே மட்டும் பவுடரைத் தொட்டு வையுங்கள். இரண்டாவது வேலை, தூவி முடித்ததும் உள்ளங்கையால் தலையை மெல்லத் தட்டுவது. ஒட்டாத தூள் கீழே விழும். அதன் பிறகு தலையைக் குனிந்து ஒருமுறை உதறுங்கள். வாஷ்பேசினில் நிறைய விழுந்தால், அத்தனையும் உங்கள் நெற்றியில் வழிந்திருக்க வேண்டியது.

மூன்றாவது, ஸ்ப்ரே. ஃபைபருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயும் சரி, நன்றாகப் பிடிக்கும் சாதாரண ஹேர் ஸ்ப்ரேயும் சரி, உள்ளே இருப்பது முடி மேல் மெல்லிய படலமாகக் காயும் பாலிமர்தான். இருபது, முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மெலிதாக அடியுங்கள். கிட்டே வைத்து அடித்தால் ஈரமாகி, தூள் அப்போதே கட்டிபிடித்துவிடும். அடித்த பிறகு சில நிமிடங்கள் கை வைக்காமல் காயவிடுங்கள். அவசரத்தில் உடனே ஹெல்மெட்டை மாட்டினால் அந்தப் படலம் ஹெல்மெட்டின் உள்பஞ்சில் போய் ஒட்டும். இந்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். சாமி விளக்குக்கும் கேஸ் அடுப்புக்கும் பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது.

உண்மையாகவே நிறம் கரைந்து வழிகிறது என்றால், அதாவது துளியே கறுப்புத் தண்ணீராக இருக்கிறது, துடைத்தால் துணியில் சாயமாகப் பரவுகிறது என்றால், வாங்கிய பொருளில் கோளாறு. ஒரு சிட்டிகையை வெள்ளை டிஷ்யூவில் வைத்துச் சில துளி உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தூள் தனியாகவும் தண்ணீர் தெளிவாகவும் நின்றால் நல்லது. டிஷ்யூ முழுக்கச் சாயம் பரவினால் அந்த டப்பாவை ஜிம்முக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொள்கிறது

இதற்கு முதலில் தேங்காய் எண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும். நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைப்பது தினசரிப் பழக்கம். நேற்று இரவு வைத்த எண்ணெய் காலையில் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஷாம்பு போடாதவரை அது போவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள முடியில் ஃபைபர் பரவாது, கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். வேர்வை சேர்ந்ததும் அந்தக் கொத்துகள் உருண்டையாகும். சீரம், ஹேர் க்ரீம், கண்டிஷனர் மிச்சம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எண்ணெயை விட மனமில்லையென்றால் பயிற்சிக்குப் போகாத நாளுக்கு முந்தைய இரவில் வையுங்கள்.

அடுத்த சந்தேகம், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில். முடி மெலிகிறவர்களில் பலர் இதையும் பயன்படுத்துகிறார்கள். திரவ வகை மினாக்ஸிடிலில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவம் இருக்கிறது. தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் ஒரு பிசுபிசுப்பு நெடுநேரம் மிஞ்சும். அதன் மேல் ஃபைபர் தூவினால் கட்டிபிடிக்கும். மருந்துக்கும் நஷ்டம்: தோலில் போட்ட மருந்து ஊற சுமார் நான்கு மணி நேரம் தலையை நனைக்காமல் விடச் சொல்கிறார்கள். போட்ட அரை மணி நேரத்தில் ட்ரெட்மில்லில் ஏறினால் வேர்வை அதை முகத்துக்கு இறக்கிவிடும். முகத்தில் வேண்டாத இடத்தில் பூனைமுடி வளர இதுவும் ஒரு வழி. பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலையில் ஜிம் போகிறவர்கள், பயிற்சி முடித்துத் தலை அலசிக் காய்ந்த பிறகு காலை மருந்தைப் போடுங்கள். இரவு மருந்தைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் தலையணையில் ஒட்டாது. புரோப்பிலீன் கிளைக்கால் இல்லாத ஃபோம் வகையும் உண்டு. அது சீக்கிரம் காயும். மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எண்ணெயும் மருந்தும் இல்லை, அப்படியும் சேர்கிறது என்றால் முடி முழுதாகக் காயவில்லை. மேல்முடி காய்ந்திருக்கும், வேர் ஈரமாக இருக்கும். விரல் நுனியை வேர் வரை நுழைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே இன்னும் கொஞ்ச நேரம், அல்லது டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு நிமிடம்.

பைக்கில் ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹெல்மெட்டுக்குள் தலை வேர்க்கும், உள்பஞ்சு உராயும். வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஜிம் வாசலுக்கு வரும் முன்பே பாதி போயிருக்கும். அதற்காக ஹெல்மெட்டைத் தவிர்ப்பது கூடவே கூடாது. டப்பாவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே போய்த் தலையை ஆறவிட்டுப் போடுங்கள். அல்லது உராய்வைத் தாங்கும் பவுடரை வீட்டிலேயே போட்டுக் கிளம்புங்கள்.

எதுவும் வழியவில்லை, ஆனாலும் மண்டை தெரிகிறது

பலரைக் குழப்புவது இதுதான். கண்ணாடியில் பார்த்தால் தூள் அப்படியே இருக்கும், நடுவில் பளபளவென்று தோல் தெரியும். உடனே இன்னும் கொஞ்சம் தூவத் தோன்றும். தூவாதீர்கள்.

நனைந்த முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகும். நன்றாக முடி உள்ளவருக்குக்கூட மழையில் நனைந்தால் வகிடு விரிந்து தெரியும்; அதே விஷயம்தான். கற்றைகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. ஃபைபர் முடியோடு ஒட்டியிருப்பதால் அதுவும் முடியோடு சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. ஈரத் தோல் ஜிம்மின் எல்இடி விளக்கை நேராகத் திருப்பி அடிக்கிறது. முடி ஒன்றும் குறைந்துபோகவில்லை, இடைவெளிதான் கூடியிருக்கிறது.

ஆகவே முடியைத் தடிமனாக்குவதில் இங்கே பயனில்லை, தோலின் நிறத்தை மங்கவைக்க வேண்டும். முடியைச் சின்னச் சின்ன வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் பவுடரைத் தோலில் வையுங்கள். மேலாகப் பூசினால் அது முடியில்தான் படும், தோலில் படாது. பெண்களுக்கு நடு வகிடு அகலமாவதுதான் வழக்கமான பிரச்சினை. அவர்களுக்கு இந்த முறை மிக நன்றாகப் பலிக்கும். வகிட்டில் பவுடர் வைத்து, முடியை இழுத்துக் கட்டாமல் தளர்வாகப் பின்னிக்கொண்டால் ஒரு மணி நேர ஜூம்பாவுக்கும் நிற்கும்.

முடியை எப்படி வெட்டுகிறோம் என்பதும் பாதி வித்தியாசத்தைக் கொண்டுவரும். நீள முடி நனைந்தால் பெரிய கற்றையாகும். குட்டை முடி அவ்வளவாகச் சேராது. ஆண்கள் பக்கவாட்டை மெஷினில் நன்றாகக் குறைத்து, மேலே கொஞ்சம் மட்டும் விடச் சொல்லுங்கள். பக்கவாட்டு முடி அடர்த்தியாக இருந்தால் உச்சியின் மெலிவு இன்னும் எடுத்துக் காட்டும்.

நிறத் தேர்வையும் ஒருமுறை சரிபாருங்கள். நம்மில் பலருக்குத் தலைமுடி கருங்கறுப்பு என்று நினைப்பு. வெயிலில் பார்த்தால் அடர்பழுப்பு. பெட்டியில் கறுப்பு என்று போட்டதை வாங்கித் தோலில் வைத்தால் மை பூசியது போல் தனியாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், வேர்ப் பகுதி முடியோடு ஒப்பிட்டு எடுங்கள்.

உச்சியில் மட்டும் போய்விடுகிறது

வேர்வை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, உராய்வுதான். பெஞ்ச் பிரஸ், தரையில் படுத்துச் செய்யும் வயிற்றுப் பயிற்சி, யோகாவின் கடைசியில் சவாசனம், எல்லாவற்றிலும் பின்னுச்சி ரெக்சினிலோ பாயிலோ தேய்கிறது. அடர்நிற டவல் ஒன்றைத் தலைக்குக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். ரெக்சினில் கறை படாது, அடுத்து வருகிறவருக்கும் அது மரியாதை. படுத்துச் செய்யும் பயிற்சிகளைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் இன்னும் நல்லது.

அடிக்கடி தலையைக் கையால் கோதும் பழக்கமும் இதில் சேரும். நமக்கே தெரியாமல் செய்வோம். கூட வருகிற நண்பரிடம் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஹெட்பேண்ட் கட்டிய இடத்தில் தடம் விழுகிறது

ஃபைபர் போட்ட பிறகு ஹெட்பேண்டைத் தலைக்கு மேலாக இழுத்து மாட்டினால் வழியெல்லாம் துடைத்துக்கொண்டே போகும். வரிசையை மாற்றுங்கள். முதலில் ஹெட்பேண்ட், முடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நெற்றியில். அப்புறம்தான் ஃபைபர். கழற்றும்போது மேலே தூக்காமல் முகத்தின் வழியாகக் கழுத்துக்கு இறக்குங்கள். கறுப்பு நிறமாக இருக்கட்டும். ஆனால் ஹெட்பேண்ட் நெற்றி வேர்வையைக் கண்ணுக்குப் போகாமல் பிடிக்கும், அவ்வளவுதான். தலைக்குள் ஊறும் வேர்வையை அது தடுக்காது.

தொப்பி போடுகிறவர்கள் அன்றைக்கு எதையும் போட வேண்டாம். தொப்பியே மறைக்கிறது.

கண் எரிகிறது

கண்ணைக் கசக்காதீர்கள். நுண்ணிய நார் உள்ளே இருக்கும்போது கசக்கினால் கண்ணில் கீறல் விழலாம். கையைக் கழுவிவிட்டு, லென்ஸ் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரால் கண்ணைத் திறந்து திறந்து அலசுங்கள். அலசிய பிறகும் வலியோ சிவப்போ பார்வை மங்கலோ நீடித்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். எரிச்சல் மட்டும், நார் இல்லை என்றால் வேர்வையில் கரைந்திறங்கிய ஸ்ப்ரே காரணமாக இருக்கலாம். முன்நெற்றியில் ஸ்ப்ரே அளவைக் குறையுங்கள். தூவும்போது கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வதும் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் தூள் வகையையே விட்டுவிட்டுக் க்ரீமோ கெட்டிப் பவுடரோ பார்க்கலாம்.

பாதியிலேயே கலைந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

டவலால் தேய்த்துத் துடைக்காதீர்கள். இருப்பதும் போய், மிச்சம் நெற்றி முழுக்கப் பரவும். டிஷ்யூவையோ கைக்குட்டையையோ வேர்வை மேல் வைத்து ஒற்றி எடுங்கள். ஓய்வறையில் ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் முடி பிரிந்து, இடைவெளி தானாகவே கொஞ்சம் குறையும். அதன் பிறகும் தேவைப்பட்டால் பவுடரை மட்டும் தொட்டு வையுங்கள். ஈர முடியில் புதிதாக ஃபைபர் தூவினால் அழுக்குத் திட்டாக நிற்கும். சீப்பு போட்டாலும் இருக்கிற நாரெல்லாம் கூடவே வந்துவிடும். விரலால் மெல்லத் தட்டிச் சரிசெய்வதோடு நிறுத்துங்கள்.

புதிய டப்பாவையோ புதிய முறையையோ நேராக ஜிம்மில் சோதிக்காதீர்கள். லீவு நாளில் வீட்டில் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் ஸ்கிப்பிங் ஆடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிப் பாருங்கள். எங்கே வழிகிறது, எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம்

வேர்வையும் தூளும் கலந்த தலையோடு அப்படியே ஆபீஸ் போய், இரவு அப்படியே படுத்தால் வருவது இது. பயிற்சி செய்த அன்றே ஷாம்பு போட்டு அலச வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது. முன் விளிம்புக்கு மெழுகுக் குச்சி வகை போடுகிறவர்கள் கொஞ்சம் எண்ணெய் தடவி இளக்கிவிட்டு அப்புறம் ஷாம்பு போடலாம்.

தினமும் அலசியும் அரிப்பு நிற்கவில்லையா? மஞ்சள் நிறச் செதிலோடு அரித்தால் பொடுகு சார்ந்த தோல் அழற்சியாக இருக்கலாம். கீட்டோகொனசோல் ஷாம்பு அதற்குப் பலன் தரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். சீழ்க் கொப்புளம் என்றால் வேர்க்கால் அழற்சி. ஆறும் வரை எதையும் தூவக் கூடாது. போட்ட இடம் மட்டும் சிவந்து அரிக்கிறது என்றால் அந்தப் பொருளே ஒத்துக்கொள்ளவில்லை. சிலவற்றில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் டிஎம்டிஎம் ஹைடன்டோயின் சிலருக்கு ஒவ்வாமை தரும். லேபிளைப் பாருங்கள்.

முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அறுவை செய்த மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஜிம்மும் வேண்டாம், ஃபைபரும் வேண்டாம்.

குளிக்கும்போது நிறைய முடி கொட்டுவதுபோல் தெரிகிறது

முதலில், கொட்டுவது முடியா ஃபைபரா என்று பாருங்கள். ஃபைபர் அரை மில்லிமீட்டர் அளவில் தூளாக இருக்கும். உண்மையான முடி நீளமாக, ஒரு முனையில் சிறு வெள்ளை முடிச்சோடு வரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான்.

வேர்வையால் வழுக்கை விழும் என்று ஜிம்மில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணம் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு வேர்க்கால்கள் காட்டும் உணர்திறன். ஃபைபரும் வேர்க்காலைத் தொடுவதில்லை. ஆனால் ஜிம்மோடு தொடர்புடைய இரண்டு விஷயங்கள் முடியை உண்மையாகவே பாதிக்கும். ஒன்று, தசை வளர்க்க ஊசியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. பரம்பரை வழுக்கை உள்ளவருக்கு அது உதிர்வை வேகப்படுத்தும். இன்னொன்று, சட்டென்று எடை குறைக்கப் பட்டினி கிடப்பது. அதன் விளைவு இரண்டு, மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க உதிர்வாகத் தெரியும். டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும்.

நாணயம் போல் வட்டமாக ஒரே இடத்தில் முடி போனாலும், தோல் வழவழப்பாகித் தழும்பு போல் ஆனாலும் மறைத்துக்கொண்டே இருக்காதீர்கள். தழும்பாகும் வகை உதிர்வில் போன முடி திரும்பாது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று, நிற்கவே இல்லை

அந்த இடத்தில் முடி போதுமான அளவு இல்லை என்று பொருள். விரலால் வருடிப் பாருங்கள். முடி தட்டுப்படாமல் தோல் மட்டும் தட்டுப்பட்டால் எந்த ஃபைபரும் அங்கே வேர்வையில் நிற்காது; ஸ்ப்ரேக்குக் காசு கொட்டுவது வீண். அங்கே இரண்டு வழிகள் உண்டு. மண்டைத் தோலில் புள்ளி புள்ளியாக நிறமி ஏற்றும் மைக்ரோபிக்மென்டேஷன் வேர்வைக்கு அசையாது. செய்த முதல் சில நாட்கள் மட்டும் வேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வருடங்களில் மங்கும்போது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்வது. செலவில்லை, நிற வித்தியாசமும் வெகுவாகக் குறைந்துவிடும். அரைகுறையாகத் தெரியுமோ என்று தயங்குகிறவர்கள் நீண்ட விடுமுறையின் முதல் நாளில் வெட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் திரும்ப வேலைக்குப் போவதற்குள் ஓரளவு வளர்ந்திருக்கும்.

நீச்சலுக்கு மட்டும் எந்தத் தூளும் வேண்டாம். ஃபைபர் கலைந்து குளத்தில் மிதக்கும், மற்றவர்களுக்கும் தொல்லை. சிலிக்கான் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். பல நீச்சல் குளங்களில் தொப்பி எப்படியும் கட்டாயம்தான்.